திரும்பி வந்தது ஒரு குத்தமா?

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு இது. கோபத்துல எழுதறதால சுருக்க முடியல. பொறுத்துக்குங்க.

போன வெள்ளிக்கிழமை (மஸ்கட்டில் எங்களுக்கு அன்னிக்குத்தான் ஞாயித்துக்கிழமை) ஊருக்குப் போன் போட்டேன். மாமாதான் எடுத்தார். மாமான்னா எங்க அக்கா வீட்டுக்காரர். சித்தூர்ல மாங்கா மண்டி வச்சிருக்கார். தோத்தாபுரி என்ன விலை போகுது, கூழ் ஃபேக்டரிக்காரங்க பாக்கி கொடுத்தாங்களா அப்படின்னு ஆரம்பிச்ச பேச்சு எங்கெங்கயோ சுத்தி விமானத்துல வந்து நின்னுது.

"மச்சான், ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன் பாரு. பழசுதான். ரேணிகுண்டா ஏர்போர்ட்ல ஜனங்க அந்தக் கம்பெனிக்காரனை எப்படி நிக்க வச்சுக் கேக்கறாங்க பாரு"ன்னார்.

பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச சமாசாரம்தான். 2025 ஜூலை 20 சாயங்காலம் திருப்பதியில இருந்து ஹைதராபாத் கிளம்பின இண்டிகோவோட ஏர்பஸ் ஏ321 நியோ, வெங்கடகிரி பக்கம் போய்த் திரும்பி, சுமார் 40 நிமிஷம் வானத்துல வட்டமடிச்சு, மறுபடி திருப்பதியிலயே இறங்கினது. காரணமா வெளியில வந்தது "தொழில்நுட்பக் கோளாறு"ங்கற ரெண்டு வார்த்தை. பயணம் ரத்து. அப்புறம் கவுன்டர்ல கூச்சல்.

அகமதாபாத்துல ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் செத்தது அதே வருஷம் ஜூன் 12. நடுவுல 38 நாள்தான். ஜூன்ல "விமானத்துல ஏறவே பயமா இருக்கு"ன்னு பேசின அதே நாம, ஜூலையில ஒரு விமானம் பத்திரமா திரும்பி வந்ததுக்கு கவுன்டர் பையன் சட்டையைப் பிடிக்கப் போறோம்.

இதை மாமாகிட்ட சொன்னேன். அவர் சிரிச்சுட்டு ஒண்ணு சொன்னார். "உன் பைலட்டும் அன்னிக்கு இதைத்தானே பண்ணினான். கொஞ்சம் தைரியமா ஓட்டியிருந்தா நீ என் பொண்ணு கல்யாணத்துல மேடையில நின்னிருப்பே."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவு.

*

முதல்ல என் கதை. இதுல நான்தான் குத்தவாளி, அதனால முதல்லயே சொல்லிடறேன்.

2023-ல அக்கா பொண்ணுக்குத் திருப்பதியில கல்யாணம். முகூர்த்தம் காலையில ஆறு மணிக்கு மேல ஏழரைக்குள்ள. நான் தாய்மாமன், அதுவும் ஒரே தாய்மாமன். ஆடிட் நடந்துக்கிட்டு இருந்ததால முந்தின நாள் மத்தியானம்தான் லீவு கிடைச்சது. சாயங்காலம் மஸ்கட்ல ஏறினா ராத்திரி சென்னை. அங்கிருந்து நகரி, புத்தூர் வழியா காரைப் பிடிச்சா விடியறதுக்குள்ள மண்டபம். கணக்கு சரியா இருந்தது. பி.காம் படிச்சவன் போட்ட கணக்காச்சே!

கிளம்பி 25 நிமிஷம் இருக்கும். எஞ்சின் சத்தம் லேசா மாறினது. விமானம் மெதுவா ஒரு பக்கம் சாஞ்சு திரும்பினது. கொஞ்ச நேரம் கழிச்சு அறிவிப்பு: தொழில்நுட்பக் காரணங்களால் மஸ்கட் திரும்புகிறோம், ஒத்துழைக்கவும். அவ்வளவுதான்.

நான் பெல்லை அழுத்தினேன். வந்த பொண்ணுக்கு எங்க அக்கா பொண்ணு வயசுதான் இருக்கும். அவகிட்ட கத்தினேன். என்ன கோளாறுன்னு கேட்டேன், அவளுக்குத் தெரியல. "உங்க கேப்டனுக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதா?"ன்னு கேட்டேன். முகூர்த்தம் போனா யார் பதில் சொல்றதுன்னு கேட்டேன். நான் ஆரம்பிச்சதும் பின்னாடி நாலு பேர் சேர்ந்துக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு திரும்பத் திரும்ப ஒண்ணுதான் சொன்னா: "சார், பெல்ட் போட்டுக்குங்க சார்." அவ கை லேசா நடுங்கினதைப் பாத்தேன். பாத்தும் நிறுத்தல.

கடல் மேல கொஞ்ச நேரம் சுத்திட்டு இறங்கினோம். ஓடுபாதை ஓரமா தீயணைப்பு வண்டிங்க விளக்கைச் சுழலவிட்டு நின்னுச்சு. ஏழு மணி நேரம் கழிச்சு வேற விமானம். நான் திருப்பதி போய்ச் சேர்ந்தப்போ மண்டபத்துல நாற்காலி மடக்கிக்கிட்டு இருந்தாங்க. ஆல்பத்துல தாய்மாமன் நிக்க வேண்டிய இடத்துல பெரியப்பா பையன் நிக்கறான். அக்கா ஒண்ணும் சொல்லல. மாமா மட்டும் வருஷத்துக்கு ரெண்டு தடவை சொல்லிக்காட்டுவார்.

ரெண்டு மாசம் கழிச்சு எங்க வங்கிக்கு லோன் விஷயமா ஒரு மலையாளி வந்தார். விமானப் பராமரிப்பு இன்ஜினியர். பேச்சுவாக்குல அந்த நாளைச் சொன்னேன். அவருக்கு அந்தக் கேஸ் தெரிஞ்சிருந்தது. வலது எஞ்சின்ல எண்ணெய் அளவு குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. அழுத்தம் எல்லைக்குக் கீழ போனதும் கேப்டன் அந்த எஞ்சினை அணைச்சுட்டார். நாங்க இறங்கினது ஒரே எஞ்சின்ல.

"உங்க கேப்டன் நல்லாப் பண்ணினார் சார், அதனாலதான் உங்களுக்கு ஒண்ணுமே தெரியல"ன்னார். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. லோன் பாரத்தை எடுத்து நீட்டினேன்.

*

அவர் சொன்னதையும் அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதையும் என் அறிவுக்கு எட்டின வரைக்கும் சொல்றேன்.

ரெண்டு எஞ்சின் பயணிகள் விமானம் எதுவுமே ஒரு எஞ்சின் போனா விழற மாதிரி கட்டப்படறது இல்ல. ஓடுபாதையில ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டின பிறகு ஒரு எஞ்சின் செத்தாலும், மிச்ச ஒண்ணை வச்சு மேல ஏறி, சுத்தி வந்து இறங்க முடியும்னு நிரூபிச்சாத்தான் சான்றிதழே கிடைக்கும். விமானிகள் இதை சிமுலேட்டர்ல திரும்பத் திரும்பச் செஞ்சு காட்டணும். நம்ம தலைமுறை பைலட்டுங்கள்ல நிறைய பேர் நிஜமா எஞ்சின் நின்னு பாக்காமலே ரிட்டயர் ஆயிடுவாங்க. ஆனா சிமுலேட்டர்ல எத்தனை எஞ்சின் நின்னிருக்கும்னு அவங்களுக்கே கணக்கு இருக்காது.

சரி, நிஜமா நின்னா என்ன பண்றாங்க?

ஒண்ணு. யார் ஓட்டறதுங்கறது முதல்ல. ரெண்டு பேர்ல ஒருத்தர் ஓட்டறது மட்டும்தான். கோளாறு என்னன்னு அவர் மண்டையை உடைச்சுக்கக் கூடாது. இன்னொருத்தர்தான் திரையையும் பட்டியலையும் பாக்கணும். ஏர்பஸ் விமானங்கள்ல, கிளம்பற நேரத்துல எஞ்சின் போனா, தரையில இருந்து 400 அடி ஏறுற வரைக்கும் எச்சரிக்கை மணியை நிறுத்தறதைத் தவிர கோளாறு சம்பந்தமா எதையும் தொடக்கூடாதுன்னு நடைமுறை. தீப்பிடிச்சிருந்தாலும் அப்படித்தான். முதல்ல விமானம் பறக்கணும், கோளாறு அப்புறம்.

ரெண்டு. எந்த எஞ்சின்னு ரெண்டு பேரும் உறுதி பண்ணணும். ஒருத்தர் கை வைப்பார், "இதுதானே?"ன்னு கேப்பார். இன்னொருத்தர் பாத்து "அதுதான்"னு சொன்ன பிறகுதான் எரிபொருளை நிறுத்தற சுவிட்ச்.

மூணு. எங்க இறங்கறது? ரொம்பப் பக்கத்துல இருக்கற ஓடுபாதை இல்ல, பக்கத்துல இருக்கறதுல தகுந்தது. நீளம் போதுமா, வானிலை எப்படி, தீயணைப்பு வசதி இருக்கா, எல்லாம் பாக்கணும். நம்ம கண்ணுக்கு ரேணிகுண்டா கீழயே தெரியும், விமானம் பெங்களூரைப் பாத்துப் போகும். காரணம் இருக்கும்.

நாலு. உடனே இறங்காம ஏன் சுத்தறாங்க? ஏ320 வகைகள்லயும் 737-லயும் எரிபொருளை வானத்துல கொட்டற வசதி கிடையாது. முழு டாங்கோட கிளம்பின விமானம் இறங்க வேண்டிய எடையை விட அதிகமா இருக்கும். அவசரம்னா அந்த எடையோடயே இறங்குவாங்க, அதுக்கும் பட்டியல் இருக்கு. அவசரம் இல்லைன்னா எரிச்சுக் குறைப்பாங்க. பட்டியல் முடியற வரைக்கும் காத்திருக்கவும் சுத்துவாங்க.

அஞ்சு. கேப்டன் தலைமைப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு நாலே விஷயம் சொல்வார்: என்ன ஆச்சு, என்ன பண்ணப் போறோம், எவ்வளவு நேரம் இருக்கு, உங்களுக்குத் தனியா ஏதாவது வேலை இருக்கா. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுங்க தயாராகணும். கதவு, வழி, யாருக்கு உதவி தேவைப்படும், எல்லாம் மனசுல ஓடணும். என் முகூர்த்தத்துக்குப் பதில் சொல்ல நின்ன ரெண்டு நிமிஷத்தை நான் அந்த வேலையில இருந்துதான் திருடினேன்.

*

இப்ப மாமா சொன்ன "தைரியம்" விஷயத்துக்கு வரேன். அதுக்கு நான் லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டாம். சித்தூருக்கு வந்துக்கிட்டு இருந்த ஹெலிகாப்டரே போதும்.

2009 செப்டம்பர் 2. நான் அப்போ சித்தூர்லயே ஒரு வங்கிக் கிளையில ஆபிசர். முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி ரச்சபண்டா நிகழ்ச்சியை நம்ம மாவட்டம் அனுப்பள்ளியிலதான் ஆரம்பிக்கறதா இருந்தார். மாமா அவருக்குப் பரம பக்தர். விடிகாலையிலயே நாலு பேரோட வண்டி கட்டிக்கிட்டுப் போயிட்டார். காலை 8.38-க்கு பேகம்பேட்டையில இருந்து ஹெலிகாப்டர் கிளம்பினது. முதலமைச்சர், அவரோட செயலாளர் சுப்ரமணியம், பாதுகாப்பு அதிகாரி வெஸ்லி, விமானிகள் பாட்டியா, எம்.எஸ். ரெட்டி. அஞ்சு பேர். ஒன்பதரை மணி சுமாருக்கு நல்லமலைக் காட்டு மேல தொடர்பு அறுந்தது. சாயங்காலம் வரைக்கும் எங்க கிளையில வேலை ஓடல. கவுன்டருக்கு உள்ளயும் வெளியிலயும் எல்லாரும் டி.வி. பாத்துக்கிட்டு நின்னோம். மறுநாள் காலையில பாவுராலகுட்டாவுல கண்டுபிடிச்சாங்க. யாரும் பிழைக்கல. மாமா அன்னிக்கு அழுத அழுகையை நான் அவர் அப்பா சாவுல கூடப் பாத்ததில்ல.

என்ன நடந்ததுன்னு விசாரிக்க ஆர்.கே. தியாகி தலைமையில குழு போட்டாங்க. விமானி அறைக் குரல் பதிவு கிடைச்சது. குழு சொன்னதைச் சுருக்கமா சொல்றேன்.

அது பெல் 430. ரெண்டு எஞ்சின். ஆனா ரெண்டோட சக்தியும் ஒரே கியர்பாக்ஸ் வழியாத்தான் மேல சுத்தற இறக்கைக்குப் போகும். அந்தக் கியர்பாக்ஸோட எண்ணெய் சம்பந்தமா ஒரு எச்சரிக்கை வந்திருக்கு. அதுக்கு என்ன பண்றதுன்னு அவசரக் கையேட்டைப் புரட்டித் தேடறதுலயும் பேசறதுலயும் விமானிகள் கடைசி ஆறு நிமிஷத்துக்கும் மேல மூழ்கியிருந்தாங்க. அந்த நேரத்துல ஹெலிகாப்டர் போய்க்கிட்டே இருந்தது. எதிர்ல மோசமான வானிலை. திரும்பறதுக்கோ வேற பக்கம் போறதுக்கோ வழி இருந்தும் அதை எடுக்கல. கடுமையா கீழ அழுத்தற காத்துல சிக்கி, கட்டுப்பாடு போய், மலையில மோதினது. கடைசி விநாடிகள்ல துணை விமானி "கோ அரவுண்ட், கோ அரவுண்ட்"னு சொல்ற குரல் பதிவாகியிருக்கு. மேல எழும்பித் திரும்புன்னு அர்த்தம்.

கவனிங்க. அந்த எண்ணெய் எச்சரிக்கை ஹெலிகாப்டரை விழ வைக்கல. எச்சரிக்கையைப் பாத்துக்கிட்டு இருந்த நேரத்துல வெளியில வந்ததுதான் விழ வச்சது.

செத்துப்போன விமானிகளைக் குறை சொல்றது என் நோக்கம் இல்ல. மேகத்துக்கு நடுவுல, பின்னாடி சீட்ல முதலமைச்சர், கீழ எங்கயோ அவருக்காகக் காத்திருக்கற ஊர். அந்த அறையில நானோ நீங்களோ இருந்தா இன்னும் மோசமாத்தான் பண்ணியிருப்போம். யாராவது வாய் திறந்து "போ"ன்னு சொல்லணும்னு இல்ல, காத்திருக்கற கூட்டமே ஒரு அழுத்தம்தான்.

ஆனா நாம என்ன பண்ணினோம்? அந்த ஆறு நிமிஷத்தைப் பத்திப் பேசினோமா? சதின்னோம். 2010 ஜனவரியில யாரோ ஒரு வெப்சைட்டுல எழுதின கதையை டி.வி.யில காட்ட, ராத்திரியோட ராத்திரியா மாநிலம் பூரா ரிலையன்ஸ் கடைகளைக் கல்லால அடிச்சோம். சி.பி.ஐ.யும் விசாரிச்சு சதி எதுவும் இல்லைன்னுச்சு. இன்னிக்கும் மாமா மண்டியில உக்காந்து "அது விபத்தே இல்ல"ன்னு பேசறவங்க இருக்காங்க. சதின்னு சொன்னா நாம யாரும் எதுவும் கத்துக்க வேண்டாம் பாருங்க. எவனோ ஒரு வில்லன் பாத்துக்குவான். 'கோளாறு வந்தா திரும்பு'ங்கற சப்பைப் பாடத்துக்கு யார் கொடி பிடிப்பாங்க?

*

ஒரு கோளாறுல எல்லாரும் மூழ்கறதுன்னா என்னன்னு எனக்கு வங்கி சொல்லிக் கொடுத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. சாயங்காலம் கணக்கு முடிக்கறப்போ கேஷ் 500 ரூபாய் குறைஞ்சது. கேஷியர், நான், ஹெட் கேஷியர், கிளார்க் ரெண்டு பேர், எல்லாரும் ஒரே மேசையில குனிஞ்சு வவுச்சரைப் புரட்டறோம். பெட்டக அறைக்கு ரெண்டு சாவி, ரெண்டு பேர் பொறுப்பு. அந்த ரெண்டு பேருமே எங்களோட குனிஞ்சிருக்காங்க. மேனேஜர் வெளியில இருந்து வந்து பாத்தா, இரும்பு கிரில் கதவு ஆன்னு திறந்து கிடக்கு. இருபது நிமிஷமா!

"ஐநூறு ரூபாயைத் தேடறதுக்கு அம்பது லட்சத்தைத் திறந்து வச்சிருக்கீங்களேய்யா"ன்னு அவர் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

யாரும் சோம்பேறித்தனமா இல்ல. எல்லாரும் ரொம்ப அக்கறையாத்தான் இருந்தோம். அந்த அக்கறை முழுக்க ஒரே இடத்துல குமிஞ்சதுதான் தப்பு. அவர் அன்னிக்கு ஒரு விதி போட்டார்: கணக்கு உதைச்சா, தேடறவங்க தேடட்டும், சாவிக்காரர்ல ஒருத்தர் தேடவே கூடாது, கதவைத்தான் பாக்கணும். அவருக்கு விமானம் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா விமானி அறையில எழுதி வச்சிருக்கறதும் இதேதான்.

இது அவங்களுக்கும் சும்மா வந்த ஞானம் இல்ல. 1972 டிசம்பர் 29, மயாமி. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401. முன் சக்கரத்துக்கான ஒரு சின்ன பல்பு எரியல. அறையில இருந்த எல்லாரும் அந்த பல்பையே பாத்துக்கிட்டு இருந்தப்போ, தானியங்கியோட உயரக் கட்டுப்பாடு விடுபட்டதை யாரும் கவனிக்கல. நல்லா இருந்த விமானம் மெல்ல இறங்கி சதுப்பு நிலத்துல மோதினது. 101 பேர் செத்தாங்க. பல்புதான் ஃப்யூஸ் போயிருந்தது, சக்கரம் சரியாத்தான் இருந்தது.

1989 ஜனவரி 8, இங்கிலாந்துல கெக்வொர்த். பிரிட்டிஷ் மிட்லண்ட் 737. இடது எஞ்சின்ல விசிறித் தகடு உடைஞ்சது. அதிர்வு, புகை. அவசரத்துல வலதுன்னு நினைச்சு நல்லா இருந்த வலது எஞ்சினை அணைச்சுட்டாங்க. தற்செயலா அதிர்வும் குறைஞ்சது, சரியாப் பண்ணிட்டோம்னு நம்பிட்டாங்க. நடுவுல ஒரு தடவை திரும்ப யோசிச்சுப் பாக்க ஆரம்பிச்ச கேப்டனை ரேடியோ அழைப்பு இடைமறிச்சது. இறங்கறப்போ இடது எஞ்சினும் கைவிட, 126 பேர்ல 47 பேர் செத்தாங்க. இதுல எனக்குத் தூக்கம் வராம பண்ணின விஷயம் ஒண்ணு இருக்கு. கேப்டன் "வலது எஞ்சின்ல கோளாறு"ன்னு மைக்ல சொல்றார். இடது பக்கம் நெருப்புப் பொறியைக் கண்ணால பாத்த பயணிகள் இருந்தாங்க. அவங்க யாரும் வாய் திறக்கல. பைலட்டுக்குத் தெரியாதா என்னன்னு இருந்துட்டாங்க.

அப்போ பயணிக்கும் ஒரு வேலை இருக்கு. பாத்ததைச் சொல்றது. நான் பண்ணினது அது இல்ல. நான் எதையும் பாக்கல, கத்தினேன்.

நிதானமா பண்ணினா எப்படி இருக்கும்ங்கறதுக்கும் ஒண்ணு சொல்றேன். 2010 நவம்பர் 4, சிங்கப்பூர்ல இருந்து சிட்னிக்குக் கிளம்பின குவான்டாஸ் 32. ஏ380. நாலு எஞ்சின்ல ஒண்ணு நடுவானில் வெடிச்சு, துண்டுகள் இறக்கையைக் கிழிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. திரையில வரிசையா எச்சரிக்கை. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி அவசரப்பட்டு ஓடுபாதைக்கு ஓடல. சுத்திக்கிட்டே ஒவ்வொண்ணா பட்டியலை முடிக்க மட்டும் ஐம்பது நிமிஷம் போல ஆச்சு. அதுக்கப்புறம்தான் இறங்கினார். உள்ள இருந்த 469 பேரும் நடந்து வீட்டுக்குப் போனாங்க. தைரியம்னா அதுதான் மாமா.

*

"சரிப்பா, கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்துத் தொலைக்க மாட்டானுங்களா?" இது மாமாவோட அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனா கேக்க வேண்டிய இடம் வேற. 2018 மார்ச்சுல பிராட் அண்ட் விட்னி எஞ்சின் திரும்பத் திரும்ப நடுவானில் நின்னப்போ, டி.ஜி.சி.ஏ. ஒரே நாள்ல இண்டிகோவோட 8, கோஏரோட 3, மொத்தம் 11 ஏ320 நியோ விமானங்களைத் தரையில உக்கார வச்சது. 2019-ல மறுபடி தொல்லை வந்தப்போ, இண்டிகோவோட 97 விமானங்கள்ல எஞ்சினை மாத்தணும்னு கெடு வச்சது. கெடு அப்புறம் தள்ளித்தான் போச்சு. ஏன் தள்ளிப்போச்சுன்னு கேளுங்க. பராமரிப்புக்கு எவ்வளவு ஆள் இருக்காங்கன்னு கேளுங்க. எம்.பி.கிட்ட கேளுங்க, கேஸ் போடுங்க. முப்பதாயிரம் அடியில வாட்டர் பாட்டில் கொடுக்கற பொண்ணுகிட்டயும், ராத்திரி ஒன்பது மணிக்கு கவுன்டர்ல தனியா மாட்டிக்கிட்ட பையன்கிட்டயும் கேக்கறது வீரம் இல்ல. பதில் சொல்ல முடியாத ஆளாப் பாத்துக் கேக்கறது.

விமானக் கம்பெனிகளையும் விடறதா இல்ல. "தொழில்நுட்பக் காரணம்", "செயல்பாட்டுக் காரணம்". யாருக்காக இந்த மூடுமந்திரம்? "ஒரு எஞ்சினை அணைச்சிருக்கோம், இன்னொண்ணு நல்லா இருக்கு, இதுக்காகப் பயிற்சி எடுத்திருக்கோம், இருபது நிமிஷத்துல இறங்கறோம்"னு கேப்டனுக்குக் கை ஓய்ஞ்ச நேரத்துல தெளிவா சொன்னா எத்தனை பேர் கத்துவாங்க? என்னையே எடுத்துக்குங்க. எண்ணெய் ஒழுகுதுன்னு சொல்லியிருந்தா நான் வாயை மூடிக்கிட்டு ஏழுமலையானைக் கும்பிட்டிருப்பேன். தரைக்கு வந்த பிறகும் சாப்பாடு உண்டா, அடுத்த விமானம் எப்போ, பணம் திரும்புமா, எதுக்கும் பதில் இல்லாம மணிக்கணக்கா உக்கார வைக்கறது கம்பெனியோட தப்பு. திரும்பி வந்த விமானத்தை ஜனங்க வெறுக்கறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். இப்படியே போனா, அடுத்த தடவை திரும்பலாமா வேண்டாமான்னு யோசிக்கற கேப்டன் மனசுல கோளாறோட இந்தக் கூச்சலும் சேர்ந்து நிக்கும். அது நிக்கவே கூடாது.

செய்தி போடறவங்களுக்கும் ஒரு கும்பிடு. "நடுவானில் பரபரப்பு, அலறிய பயணிகள், நூலிழையில் உயிர் தப்பினர்." எந்த நூல் சார்? ஒருத்தர் ஓட்டினார், ஒருத்தர் பட்டியல் படிச்சார், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சுவிட்சை அணைச்சாங்க, திரும்பி வந்து இறங்கினாங்க. வங்கியில கணக்கு சரியா முடிஞ்ச நாளைப் போல ஒரு நாள் அது.

*

மாமா, நீங்க இதைப் படிக்க மாட்டீங்க, அக்கா படிச்சுக் காட்டுவா. அதனால உங்களுக்கே நேரா சொல்றேன்.

அன்னிக்கு அனுப்பள்ளியில காலையில இருந்து காத்திருந்தீங்க. நல்லமலை மேல அந்த எச்சரிக்கை வந்ததும் அவங்க ஹெலிகாப்டரைத் திருப்பி பேகம்பேட்டைக்கே போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? நிகழ்ச்சி ரத்துன்னு மைக்ல சொல்லியிருப்பாங்க. நீங்க பந்தல்ல நின்னு திட்டியிருப்பீங்க. "கூப்பிட்டு வச்சுட்டு வராம போயிட்டாரே, பெரிய மனுஷன் பேச்சா இது, அந்த பைலட்டுக்குக் கொஞ்சம் தைரியம் இருக்க வேண்டாமா"ன்னு நாலு நாள் மண்டியில புலம்பியிருப்பீங்க. அடுத்த வாரம் அவர் வந்திருப்பார். நீங்க மாலை போட்டிருப்பீங்க.

உங்க கல்லாப்பெட்டிக்கு மேல பூ வச்ச படத்துக்குப் பதிலா, அவரோட நீங்க நின்னு எடுத்துக்கிட்ட படம் மாட்டியிருக்கும்.

கல்யாண ஆல்பத்துல நான் இல்லாதது எனக்கும் வலிக்குது மாமா. ஆனா போன மாசம் பேரனுக்கு மொட்டை போட்டப்போ, அவனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தது நான்தான். அந்த கேப்டன் பேர் எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு பேரையும் சட்டையில குத்தியிருந்த பட்டையில படிச்சிருக்கலாம், படிக்கல. ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வழி இல்ல. அடுத்த தடவை விமானம் திரும்பினா பெல்ட்டைப் போட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு உக்காரப் போறேன். பக்கத்து சீட்டுக்காரர் கத்த ஆரம்பிச்சா அவரையும் உக்கார வைக்கப் போறேன்.

டிஸ்கி: நான் வெறும் பி.காம். விமானம் ஓட்டறவங்க, ரிப்பேர் பாக்கறவங்க யாராவது படிச்சு, தொழில் விஷயத்துல தப்பு இருந்தா தாராளமா திருத்துங்க. அது சதிதான்னு சொல்ல வர்றவங்க மட்டும் தயவுசெஞ்சு மாமாவோட மண்டிக்குப் போயிடுங்க. அங்க டீயும் கிடைக்கும் :-)